பொறுப்பாளர் பெயர்

அந்த அலுவலகத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் முழுவதும் ஒரே பொதுக் களஞ்சியத்தில், பேக்கேஜ் எனப்படும் சிறு தொகுப்புகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. புதிய பேக்கேஜ் ஒன்று வேண்டுமென்றால் பழையது எதையாவது நகலெடுத்து, உள்ளே இருக்கும் பெயர்களை மாற்றிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். ஜெரால்டு எழுதிய ஒன்றைத் தேன்மொழி நகலெடுத்தாள். சுத்தமாக எழுதுகிறவன், போன மழைக்காலத்தில் பைக்கோடு விழுந்து செத்துப்போனவன். அவசரத்தில், பொறுப்பாளர் என்ற இடத்தில் இருந்த அவன் பெயரை அவள் மாற்ற மறந்துவிட்டாள். அதனால், புதியதைக் களஞ்சியத்தில் சேர்க்க ஒப்புதல் கேட்கும் செய்தி அவனுக்குப் போனது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஒப்புதல் வந்திருந்தது.

"ஜெரால்டு அக்கவுண்ட்ட யாராவது யூஸ் பண்றாங்களாண்ணா?" என்று பக்கத்து இருக்கை உமாபதியிடம் கேட்டாள்.

"அத அப்பவே மூடியாச்சேம்மா. ஏன்?"

அவள் திரைக்குத் திரும்பினாள். ஒப்புதலுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'பேர மாத்த மறந்துட்ட, தேனு.' அவளைத் தேனு என்று ஜெரால்டு ஒருவன்தான் கூப்பிடுவான். எவனோ விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஜெரால்டின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடிக்கத் தொடங்கினாள். இரண்டு எழுத்துதான் அடித்திருப்பாள், அதைச் சேமிக்கக்கூட இல்லை. அதற்குள் அடுத்த வரி வந்தது.

'அப்படித்தான். முழுசாப் போட்டுடு. நீ வந்தாத்தான் நான் இங்கேருந்து போக முடியும்.'

அவள் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் அவள் பெயரின் மூன்றாவது எழுத்து விழுந்தது.