கப்பல் கிளம்புவதற்குள்

"வாப்பா, நான் ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"கேளேன்."

"இப்ப இல்ல. கப்பல் வர்ற அன்னைக்குக் கேக்குறேன்."

போன மாதம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மகள் ஃபரீஹா சொன்னது இது. இன்று கண்ணாடி முன் நின்ற மீரா சாகிபுவின் காதில் அது மறுபடியும் ஒலித்தது.

போன வருடம் ஆபீஸ் தோழிகளோடு கப்பல் சுற்றுலா போய் வந்ததிலிருந்தே அவள் ஃபோனும் கையுமாகத்தான் இருந்தாள். "ஆசிம் மெசேஜ் போட்டாரு", "ஆசிம் பினாங்குல மருந்துக்கடை வெச்சிருக்காரு", "ஆசிமோட உம்மா காதர் பீவி மாமி, தனி ஆளா நின்னு மகனை வளர்த்தவங்க வாப்பா" என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நின்றது. ஜொகூர் பாருவில் வருடக்கணக்காகச் சாப்பாட்டுக்கடை நடத்தி, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் படித்த மனிதருக்கு இது புரியாதா?

தாயும் மகனும் இந்த வருடமும் கப்பல் ஏறியிருந்தார்கள். கப்பல் சிங்கப்பூரில் சாயங்காலம் வரைதான் நிற்கும். அதற்குள் எல்லைப் பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்களாம். ஊர் பார்க்க என்று பெயர்!

மனைவி மவுத்தான பிறகு கடைக்கு மேலே இருந்த அந்த வீட்டில் அவரும் மகளும்தான். இவளும் பினாங்குக்குப் போய்விட்டால் கடையைச் சாத்திவிட்டு மாடியேறி யாரிடம் பேசுவது? ஆனாலும் மாட்டேன் என்று சொல்வதில்லை எனத் தீர்மானித்திருந்தார்.

"அந்தக் கட்டம் போட்டது வேணாம் வாப்பா. இந்த நீலச் சட்டையப் போடுங்க. மீசையில ஒரு முடி தூக்கிட்டு நிக்குது பாருங்க."

"என்னை விடு. நீ ஏன் இன்னும் ஆபீஸ் டீ-ஷர்ட்டோட நிக்கிற? போய் நல்லதா ஒண்ணு உடுத்திட்டு வா."

"எனக்கு இது போதும்லா."

விருந்தாளிகள் வந்து சேர நண்பகல் ஆகிவிட்டது. "அலமாக், பாலத்துல என்ன ஜாம்!" என்றபடியே ஆசிம் கடைக்குள் நுழைந்தான். பின்னாலேயே தலையை மூடிய சந்தன நிறத் துடோங்கைச் சரிசெய்துகொண்டு காதர் பீவி வந்தார். ஃபரீஹா ஓடிப் போய் அவரைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள்.

"கப்பல் ஆடி நான் வாந்தியெடுத்துக் கிடந்தப்ப, ராத்திரி பூரா மாமி மடியிலதான் வாப்பா படுத்திருந்தேன்."

மாமியாருக்கு ஒத்த மருமகள் என்று மீரா சாகிபு மனதுக்குள் சொல்லிக்கொண்டார். தே தாரேக் டீயை உயரத் தூக்கி ஆற்றி, நுரை பொங்க நாலு கிளாஸ்களைத் தட்டில் வைத்து மகளிடம் நீட்டினார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே கொண்டு போய்க் குடுங்க."

"பொண்ணுதானே கொண்டு போகணும்?"

"போங்க வாப்பா, ஆறிடப் போகுது."

மீரா சாகிபு போய்க் குனிந்து நீட்டினார். காதர் பீவி கிளாஸை எடுத்துக்கொண்டு அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். ஆசிமோ ஃபரீஹா இருந்த பக்கமே திரும்பவில்லை. மரியாதை தெரிந்த பையன் என்று மீரா சாகிபுவுக்கு அதுவும் பிடித்துப் போயிற்று.

"மாமா, உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கா?" என்று ஆசிம் ஆரம்பித்தான்.

"அல்ஹம்துலில்லாஹ், இல்ல தம்பி."

"சிகரெட்?"

"தொட்டதில்ல."

"கோவம் வருமா?"

"பேட்மிண்டன்ல மலேசியா தோத்தா மட்டும் வரும்" என்று ஃபரீஹா முந்திக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரன் அல்லவா, மாமனாருக்கு என்னென்ன வியாதி என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்கிறான் போலும்! சிரிப்பை அடக்கிக்கொண்டார் மீரா சாகிபு.

"வீட்டுல சமையல் யாரு?" காதர் பீவி முதல் தடவையாக வாய் திறந்தார்.

"நான்தான். கறி, மீனு எல்லாமே. பிள்ளைக்கு முட்டை பொரிக்க மட்டுந்தான் தெரியும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகளைப் பற்றி உளறி, கூடி வந்த சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டோமோ?

காதர் பீவி கோபிக்கவில்லை. முகம் நன்றாக மலர்ந்தது. "அதனால என்ன? வீட்டுல ஒருத்தருக்குச் சமைக்கத் தெரிஞ்சாப் போதாதா?"

ஆசிம் ஃபோனில் மணி பார்த்தான். "பாலம் மறுபடி ஜாம் ஆயிடும். நமக்காகக் கப்பல் நிக்காது." பிறகு தாயின் பக்கம் குனிந்து, "என்ன உம்மா?" என்று மெல்லக் கேட்டான்.

காதர் பீவி காலி கிளாஸையே பார்த்தார். துடோங் நுனியைச் சரிசெய்துகொண்டார். "டீ நல்லாருக்கு" என்று சொல்லித் தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மீரா சாகிபு தோள் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேக்குறேன்னியே, இப்பக் கேளும்மா. மாட்டேன்னு சொல்ல மாட்டேன். வாப்பாவ நெனச்சுக் கவலப்படாத. நான் தனியா இருந்துக்குவேன்."

ஃபரீஹா காதர் பீவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, இவங்கள நான் உம்மான்னு கூப்பிடணும். நிக்காஹ் பண்ணிக்கிறீங்களா?"