பூ மாதிரி ஒரு ட்ரிகர்

செம்பாக்கம் தாண்டி, தகரக் கூரை போட்ட துப்பாக்கிப் பயிற்சிக் கொட்டகை. கிளப்பின் ஒரே பிஸ்டல் ஏஞ்சலின் வலது கையில் இருக்கிறது. இடது கை பேண்ட் பாக்கெட்டில். இன்று இங்கே நடக்கும் மாநில அணித் தேர்வில் அடுத்ததாக அவளைத்தான் கூப்பிடப்போகிறார்கள். அதற்காகவே செயலாளர் பாலகுரு நேற்று, பிஸ்டலுக்குள் தோட்டாவைத் தட்டும் சுத்தியலை உந்தும் ஸ்பிரிங்கைக் கழற்றி, இளசாக ஒன்றைப் போட்டு ட்ரிகரை 'ட்யூன்' செய்திருக்கிறார். "பூவைத் தொடுற மாதிரி இருக்கும்மா. ஜெர்மன் டெக்னிக்." பயிற்சிக்காக ஒரு முறை அழுத்துகிறாள். ட்ரிகர் பூவாகத்தான் நகர்கிறது. சுத்தியலும் தோட்டாவைப் பூவாகவே தட்டுகிறது. தூக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதுபோல. டிக். அவ்வளவுதான், வெடிக்கவில்லை. தாமதமாக வெடித்துவிடலாம் என்பதால் குழலை இலக்கிலேயே வைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறாள். வியர்வை முழங்கைக்கு இறங்குகிறது. தகரத்தில் காகம் நடக்கும் சத்தம். பாலகுருவால் மட்டும் சும்மா நிற்க முடியவில்லை. பைக் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்.

"தோட்டா ஈரம்மா. மழை பெஞ்சுதுல்ல."

"காலையிலேர்ந்து எல்லாமே ஈரமா சார்?" என்கிறான் பக்கத்து வரிசை எழில்.

ஒலிபெருக்கி அவள் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிடுகிறது.

"பழைய ஸ்பிரிங் எங்க சார்?"

"அது... ஞாபகமா வெச்சிருக்கேன்மா."

சுழற்சி நிற்கிறது. சாவிக்கொத்தில் பித்தளைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பழைய ஸ்பிரிங் மினுங்குகிறது. இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏஞ்சல் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவர் பக்கம் நீட்டுகிறாள்.

"சாவிக்கொத்தக் குடுங்க சார்."