பிட்புல் பார்த்த சம்பந்தம்

நாய்க் காப்பகத்தில் கட்டாரி என்ற பிட்புல்லைப் பார்க்க அன்று ஆட்கள் வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு வீடுகள் அதை "எங்களால முடியாது" என்று திருப்பி அனுப்பியிருந்தன. இன்னொரு தடவை திரும்பி வந்தால், பிறகு யார் கேட்பார்கள்?

"அடக்க ஒடுக்கமா நில்லு," என்றது மதில்மேல் இருந்த பூனை, கல்யாணத் தரகரைப் போல.

முதலில் ஒரு மீசைக்காரர் வந்தார்.

"தினம் நடக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று காப்பகத்து அம்மா கேட்டார்.

"எதுக்கு? கேட்டுல கட்டிப் போட்டா தெருவே நடுங்கணும்!"

கட்டாரி பூனையைப் பார்த்துக் கண்ணடித்தது. உடனே அவர் செருப்பை நக்கி, மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டியது.

"சீ, இதுக்குக் கோழிகூடப் பயப்படாது!" என்று அவர் போய்விட்டார்.

அடுத்து வந்த பெண்ணின் செருப்பு நடந்து நடந்து தேய்ந்திருந்தது. "இதுக்குத் தினமும் எவ்வளவு தூரம் ஓடணும்?" என்று கேட்டாள்.

"இவகிட்டயும் குழைஞ்சு காட்டு," என்றது பூனை.

"மாட்டேன். என் பலம் என்னன்னு இவ இப்பவே தெரிஞ்சுக்கட்டும்."

அவள் கழுத்து வாரைக் கையில் வாங்கியதும் கட்டாரி ஒரே இழுப்பாக இழுத்தது. அவள் தடுமாறிச் சறுக்கினாள். ஆனால் பிடியை விடவில்லை. நிமிர்ந்து, மெதுவாக, "உட்காரு," என்றாள்.

கட்டாரி உட்கார்ந்தது.

"'வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்'னு சொல்லிடவா?" என்றது பூனை.

"அதெல்லாம் வேணாம். நான் இவகூடக் கிளம்பறேன், என் சோத்துத் தட்டை எடுத்து வை!"