சேர்ந்து வராத விடுமுறை

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் செமஸ்டர் என்பதே ஒழிந்துபோயிருந்தது. மாணவர்கள் நினைத்த நாளில் பாடத்தில் சேரலாம், நினைத்த நாளில் தேர்வு எழுதலாம். தன் பாடத்தில் ஒரு மாணவர்கூட மிச்சமில்லாத நாட்கள்தான் ஆசிரியருக்கு விடுமுறை. வேதியியல் கற்பிக்கும் வான்மதிக்கு அப்படியொரு நாள் இரண்டு வருடமாக வாய்க்கவில்லை.

இன்று வாய்த்தது. தேர்வைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த கடைசி மாணவன் ஒருவழியாக எழுதி முடித்தான்.

“யாராவது வந்து சேர்றதுக்குள்ள ஓடிடுங்க மேம்!” என்று சிரித்தான்.

வான்மதி தாழ்வாரத்தில் நின்றபடியே மகளுக்குப் போன் செய்தாள். அதே ஊரில் வேறொரு கல்லூரியில் படிக்கும் யாழினி, அம்மாவோடு ஏற்காடு போவதற்காக எந்தப் பாடத்திலும் சேராமல் மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

“கிளம்புடி, லீவு கெடச்சிருச்சு.”



“அம்மா... இந்தத் தடவையும் நீ ஏமாத்திடுவேன்னு நெனச்சு, காலையிலதான் புள்ளியியல்ல சேர்ந்தேன். மத்தியானம் முதல் கிளாஸ். சேர்ந்த மாசம் லீவு போட விடமாட்டாங்கம்மா.”

வான்மதிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மத்தியானம் புள்ளியியல் வகுப்பில், யாழினியின் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னம்மா இது?”

“நானும் சேர்ந்துட்டேன். என் பாடத்துக்கு யாராவது வர்ற வரைக்கும்.”

“புள்ளியியல்னா உனக்குக் கொட்டாவி வருமே!”

“வரட்டும். நெருங்கி உட்காரு.”

ஆசிரியர் பாடத்தைத் தொடங்குவதற்குள் வான்மதி மகளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். யாழினி குறிப்பெடுக்கக்கூட அசையவில்லை.