ஒருமுறைதான் தொடலாம்

"டோக்கியோக்காரங்களுக்கு நாக்கு எதுக்கு இருக்குன்னே தெரியாது, மேடம்," என்றான் தட்சுரோ. ஒசாகாவின் தெருக்கடைகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவன்.

டோக்கியோவிலிருந்து வந்திருந்த மினேகோவுக்குக் காலையிலிருந்து இதே பாட்டுதான். ஆக்டோபஸ் உருண்டையை ஊதித் தின்றதற்குக்கூடச் சிரித்தான்.

"நான் இந்த மண்ணுல பொறந்தவன். இங்க கடைக்காரங்கல்லாம் என்னைப் பெத்த புள்ளையாட்டம் பாப்பாங்க."

கை வலிக்கிறது என்று வழிகாட்டிக் கொடியையும் அவள் கையில் திணித்திருந்தான்.

அடுத்தது, குச்சியில் செருகிய இறைச்சியைப் பொரித்துத் தரும் கடை. எல்லோருக்கும் பொதுவாக ஒரே சாஸ் தொட்டி. மேலே பலகை: 'ஒருமுறைதான் தொடலாம்.'

"அது உங்கள மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு. எங்களுக்கு ரத்தத்துலயே ஊறினது," என்று சொல்லிக்கொண்டே குச்சியைச் சாஸில் தொட்டு ஒரு கடி கடித்தான். பேச்சு மும்முரத்தில், கடித்த குச்சியை மறுபடியும் தொட்டியில் முக்கினான்.



கடைக்கார அம்மாள் தொட்டியை எடுத்துப் போய், சாஸ் முழுவதையும் கொட்டிவிட்டு வந்தாள். கொடியும் கையுமாக நின்ற மினேகோவைப் பார்த்தாள்.

"ஏம்மா, கூட்டிட்டு வர்றவங்க நீங்க முன்னாடியே சொல்லி வைக்கக் கூடாதா? வெளியூர்க்காரரு, அவருக்கு என்ன தெரியும்?"

மினேகோ பணிவாகத் தலை குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க. காலையிலேருந்து சொல்லிட்டுத்தான் வர்றேன். மண்டையில ஏற மாட்டேங்குது."