பிரம்பு கேட்ட பெயர்

முதலில் காட்டிலிருந்து வெட்டினார்கள், பிரம்பு பொறுத்தது. அடுத்துத் தோலைச் சீவினார்கள், அதையும் பொறுத்தது. பிறகு நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, வாள் என்று சொல்லிப் போட்டிக் களத்தில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. அடி வாங்கி, அடித்து ஜெயித்தது பிரம்பு, நடுவர் சபையில் வாசித்த பெயரோ "பித்தளை வாள்!" கையைக் காக்கக் குறுக்கே பூட்டிய காப்பும், பிடியின் அடியிலிருந்த குமிழும் பித்தளையாம்.

அன்றே இரண்டையும் உதறியது.

"நான் இல்லேன்னா நீ மாடு ஓட்டத்தான் லாயக்கு" என்றது பித்தளைக் காப்பு.

"ஓட்டிட்டுப் போறேன். உன் பேருக்கு இனி ஜெயிக்க மாட்டேன்."

வெள்ளி முலாம் பூசிய காப்புகளும் குமிழ்களும் வந்து இளித்தன. பிரம்பு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குப்பையில் கிடந்த லாரி டயர்த் துண்டைக் காப்பாகவும், துருப்பிடித்த இரும்புக் குண்டைக் குமிழாகவும் தேர்ந்தெடுத்தது.

"தோழர்களே, நாம மூணு பேரும் மிதிபட்டவங்க. ஒண்ணா நிப்போம்."

நின்றார்கள். அடுத்த போட்டியில் கையை நோக்கி வந்த வெட்டையெல்லாம் டயர் தாங்கியது. முனை தாழாமல் குண்டு பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. பிரம்பு ஜெயித்தது.

எந்தப் பெயரை வாசிப்பது என்று நடுவர் கேட்க வந்தார்.

"அண்ணே, எங்க பேரையும் சொல்லுங்க" என்றது கிழிந்துபோன டயர்.

"எத்தனை காலப் போராட்டம் தம்பி! முதல்ல என் பேரு நிலைக்கட்டும். உங்களுது அடுத்த தடவை."

"அடுத்த தடவைன்னா எப்போண்ணே?" என்றது குண்டு.

பிரம்பு விறைப்பாக நிமிர்ந்து நின்றது. கூட்டம் அடங்கியதும் நடுவர் உரக்க வாசித்தார்:

"பிரம்பு வாள்!"