பச்சைப் பளிங்கு இலை

கோவையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐம்பதாவது மாடியில் இருந்த வீட்டை அலங்கரித்த பூவிழிக்குத் தலை சுற்றியது. பாரம்பரியமும் வேண்டும், வேலையாட்களும் கூடாது என்றிருந்தார் வீட்டுக்காரர் பழனிவேல். அவளும் சாப்பாட்டு மேசையில் பச்சைப் பளிங்கால் வாழையிலைகளை இழைத்து, பரிமாறுவதற்குக் கூரையிலிருந்து இயந்திரக் கைகளைத் தொங்கவிட்டாள். விருந்தாளி இலையை மடிக்கும்வரை அவை ஓயா. வாயால் 'போதும்' என்றால் அது வெறும் கூச்சம் என்று அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

முதல் விருந்துக்குச் சம்பந்தியாகப் போகிற நாச்சிமுத்து வந்தார்.

"போதுமுங்க" என்றார்.

"கூச்சப்படாதீங்க" என்று இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றியது கை.

அவர் இலையை மடிக்கப் போனார். பளிங்கு மடங்குமா? பக்கத்தில் நின்ற பூவிழிக்கு அப்போதுதான் உறைத்தது. பாயசம் வழிந்து அவர் வேட்டிக்கு வந்துவிட்டது.

"அம்மிணி, நிறுத்து! கல்யாணமே நின்னு போயிரும்!" என்று அலறினார் பழனிவேல்.

"நிறுத்தற பொத்தானே வேண்டாம்னு நீங்கதான சார் சொன்னீங்க! இலைய மடிச்சாத்தான் நிக்கும்!"

நாச்சிமுத்து எழுந்தார். வரவேற்பறையில் அழகுக்கு வைத்திருந்த அம்மிக் குழவியைத் தூக்கிவந்து ஒரே போடு போட்டார். இலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மறுபாதிமேல் கவிழ்ந்தது.

கைகள் சட்டென்று அடங்கி, பணிவாக வெற்றிலைத் தட்டை நீட்டின.

"வயிறு நெறஞ்சுதுங்களா?"